போனில் வந்த சம்மன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

36 வருடம் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ரிஜிஸ்டர் தபால் கொண்டுபோனால், பெயரைச் சரிபார்த்து, உறையைக் கையில் கொடுத்து, அப்புறம்தான் கையெழுத்து வாங்குவேன். அவசரத்துக்குக்கூட வெற்று அட்டையில் யாரையும் கையெழுத்துப் போட விட்டதில்லை. அப்படிப்பட்டவன் போன மாதம் ஒரு காவல் நிலையத்தில் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

நான் விற்று இரண்டு வருடமான ஸ்கூட்டரில் யாரோ செயின் பறித்திருக்கிறார்கள். ஆர்.சி.யில் இன்னும் என் பெயர். 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டு வாங்கினவரிடம் கொடுத்ததோடு சரி, பெயர் மாற்றினாரா என்று நான் பார்க்கவில்லை. அது என் தப்புதான். இரவு ஏழரைக்குப் போன் வந்தது. "ஸ்டேஷன்லேருந்து பேசறோம் பெரியவரே. சின்ன விசாரணை, வந்துட்டுப் போயிடுங்க." எதற்கென்று கேட்டேன். "வாங்க, சொல்றோம்." பிரஷர் மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பதினொன்றரை வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கேள்வி கேட்டது பத்து நிமிடம் இருக்கும். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். கடைசியில் ஒரு தாளை நீட்டி, "கீழ போடுங்க, மேல நாங்க எழுதிக்கறோம்" என்றார்கள். வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. போட்டுவிட்டேன்.

மறுநாள் ஓய்வுபெற்ற ஏட்டையா ஒருவரிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "சம்மன் எங்கேன்னு கேக்க வேணாமா? சாட்சியா கூப்பிட்டாலும் எழுத்துல தரணும். 65 தாண்டினவரா இருந்தா அவங்கதான் வீட்டுக்கு வந்து கேக்கணும். உங்களுக்கு 63தானே ஆச்சு!"

அவர் சொன்னது பழைய சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவில் அந்த வயது 60. பெண்கள், 15 வயதுக்குட்பட்ட சிறுவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் அதே பிரிவின் வாலில் ஒரு வரி இருக்கிறது: அவர்களே விருப்பப்பட்டு வந்தால் அனுமதிக்கலாம். என் வெள்ளைத் தாளின் மேல்பகுதியில் என்ன எழுதியிருப்பார்கள் என்பதை அந்த வரியைப் படித்த பிறகுதான் ஊகிக்க முடிந்தது. இத்தனைக்கும், விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சொன்னவரிடம் கையெழுத்தே வாங்கக் கூடாது என்கிறது 181ஆம் பிரிவு.

சந்தேகப்படும் ஆளைக் கைது செய்யாமல் அழைப்பதற்கு 35ஆம் பிரிவில் நோட்டீஸ் இருக்கிறது. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாட்ஸ்அப்பே ஆகாது என்றால், "வந்துட்டுப் போங்க" என்கிற வாய்ப்பேச்சு எந்தக் கணக்கில் சேரும்?

கைது என்றே ஆகிவிட்டால் காரணத்தை எழுத்தில், அவருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும். வீட்டாருக்குத் தகவல், விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கும் உரிமை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது எல்லாம் உண்டு. வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். இதெல்லாம் எனக்கு வீடு திரும்பிய பிறகு தெரிந்தவை.

ஸ்டேஷனிலேயே தெரிந்திருக்கலாம். டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கைதுக்கு 11 விதிகள் வகுத்து, எல்லா நிலையங்களிலும் கண்ணில் படும்படி எழுதி வைக்கச் சொன்னது. நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரிலேயே அந்தப் பலகை இருந்தது. அதை ஒட்டி ஒரு இரும்பு பீரோ. முதல் இரண்டு விதியும் மூன்றாவதில் பாதியும் தெரிந்தன. நாலு மணி நேரத்தில் அந்த இரண்டரை விதியையும் எத்தனை தடவை படித்தேனோ!

பீரோவை நகர்த்தி வைக்கவும், நான் கையெழுத்திட்ட தாளின் நகலைத் தரவும் கேட்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மனு அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை முத்திரை, கையெழுத்து, தேதியோடு ஒழுங்காகத் திரும்பி வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்