இரண்டு குணசேகரன்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சின்னத்திரை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நறுக்கென்ற வசனமும் வாரம் ஒரு திருப்பமும் இருந்தால் எந்தப் பாத்திரமும் மக்கள் மனதில் நின்றுவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

நான் பர்மாவின் யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பகுதிக் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். வாரம் முழுக்கப் பர்மிய மொழியில் படித்து, பர்மிய மொழியிலேயே விளையாடுகிற பிள்ளைகள். பல வீடுகளில் பாட்டி மட்டும்தான் தமிழ் பேசுவார். ஆகவே அவர்கள் காதில் விழும் தமிழில் பாதி, தொடர்களில் வருகிற தமிழ். கரண்ட் இருந்தால் பெரியவர்களோடு உட்கார்ந்து டிவியில் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் போனில். பார்க்காதே என்று சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததும், அதையே நான் பாடமாக வைத்துக்கொண்டேன். "தொடரில் வருகிற ஒருவரைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்" என்பேன்.

2023-ல் ஒரு ஞாயிறு, 12 வயதுப் பெண் ஒருத்தி 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரனைப் பற்றிச் சொல்ல எழுந்தாள். படித்த பெண்களைத் தன் வீட்டுக்கு மருமகள்களாகக் கொண்டுவந்து அடுப்படியிலேயே அடக்கி வைக்கிற அந்த மனிதரை உங்கள் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவளுக்கு முன்னால் பேசிய பையன்கள் எல்லாம் "அவர் கெட்டவர், சத்தம் போடுவார்" என்றுதான் சொல்லியிருந்தார்கள். இவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவருக்குப் பயம், சயாமா" என்றாள். சயாமா என்றால் பர்மிய மொழியில் டீச்சர். என்ன பயம் என்று கேட்டேன். "அந்த வீட்டு அம்மாக்கள் எல்லாரும் படித்தவர்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம். அதனால்தான் முதலில் அவரே கத்திவிடுகிறார்."

பாதித் தமிழும் பாதிப் பர்மிய மொழியுமாகத்தான் சொன்னாள். ஆனால் நான் அத்தனை நாள் பார்த்தும் எனக்குப் பிடிபடாமல் இருந்ததை அவள் பிடித்துவிட்டாள். அன்று இரவு அதே தொடரை வேறு கண்ணோடு பார்த்தேன். குணசேகரனாக நடித்த மாரிமுத்து அவர்கள் அதட்டுவதற்கு முன்னால் ஒரு கணம் எதிரில் நிற்கிறவளின் முகத்தைப் பார்ப்பார். இவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்கிற பார்வை அது. அப்புறம்தான் குரல் உயரும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் நாங்கள் இரவு இரவாக உட்கார்ந்திருந்தோம் என்று இப்போது நினைக்கிறேன். அந்த ஆண்டு செப்டம்பர் 8 அன்று, அந்தத் தொடருக்குக் குரல் கொடுக்கப் போன இடத்தில் அவர் மாரடைப்பில் இறந்துபோனார். நாள் தவறாமல் அந்தப் பாத்திரத்தைத் திட்டித் தீர்த்த எங்கள் தெருப் பெண்கள், சொந்தத்தில் ஒருவர் போன மாதிரி அழுதார்கள். வசனத்துக்காகவா அப்படி அழுவார்கள்?

குணசேகரன் என்றதும் எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு குணசேகரனும் நினைவுக்கு வருவான். 1952-ல் வந்த 'பராசக்தி'யின் நாயகன், எங்கள் ஊரிலிருந்து போனவன். ரங்கூனில் மூன்று அண்ணன்மார், மதுரையில் ஒரு தங்கை. யுத்த நேரம். கல்யாணத்துக்கு ஒருவனால் மட்டுமே கப்பல் ஏற முடிகிறது. சென்னையில் இறங்கி, ஒருத்தியிடம் ஏமாந்து, கையில் இருந்ததையெல்லாம் தொலைக்கிறான். தங்கையைக் கண்டுபிடிக்கும்போது அவள் புருஷனையும் அப்பாவையும் பறிகொடுத்து, கைக்குழந்தையோடு இட்லி விற்றுக்கொண்டிருக்கிறாள்.

இங்கேதான் கலைஞரின் எழுத்தை நான் வணங்குகிறேன். நீதிமன்றக் காட்சியைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள், அது பெரிய காட்சிதான். என்னை உலுக்குவது அதற்கு முந்தியது. அண்ணன் தங்கையிடம் தான் யார் என்று சொல்வதில்லை. ரங்கூனிலிருந்து வந்த அண்ணன் வெறுங்கையோடு எப்படி நிற்பது? பைத்தியக்காரன் மாதிரி நடித்துக்கொண்டு அவளையே சுற்றிச் சுற்றி வருகிறான். அவள் எரிந்து விழுகிறாள், அதையும் வாங்கிக்கொள்கிறான். அவன் யார் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் விரட்டும் ஒவ்வொரு முறையும் நம் வயிறு கலங்குகிறது. சிவாஜிக்கு அது முதல் படம் என்பதை நம்பவே முடியாது.

என் வீட்டுக் கதை ஒன்றைச் சொன்னால்தான் இது எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்று புரியும். கடைகளையும் தொழில்களையும் அரசு எடுத்துக்கொண்ட காலத்தில், 1964-ல், என் சித்தப்பா சென்னைக்குக் கப்பல் ஏறினார். கையில் கொண்டுபோக எதுவும் இல்லை. நான் அப்போது சிறு பெண். மாதம் ஒரு கடிதம் வரும். நலம், வேலை கிடைத்துவிட்டது, சொந்தக்காரர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எழுதுவார். அப்பா அதை எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுவார். வியாசர்பாடியில் குடிசையில் இருந்துகொண்டு, கூலி கிடைக்காத நாளில் பட்டினி கிடந்துகொண்டுதான் அவற்றை எழுதினார் என்பது பல வருஷம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. பர்மாவில் இருந்து வந்தவன் என்றால் மடி நிறையப் பொன் இருக்கும் என்று எதிர்பார்த்த சொந்தக்காரர்களிடம் போகவே அவருக்குக் கூச்சமாம். அப்பா அந்தக் கடிதங்களை மறுபடி ஒரு முறை எடுத்துப் படித்தார். இந்த முறை சத்தமில்லாமல்.

எண்பதுகளில் பக்கத்து வீட்டு வீடியோவில் 'பராசக்தி' பார்த்தபோது, பாதியில் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

இதைத்தான் உங்கள் கட்டுரையாளரிடம் சொல்ல விரும்புகிறேன். மனதில் நிற்கிற பாத்திரம் எதையாவது மறைத்துக்கொண்டிருக்கிறது. ஒருவனிடம் வறுமை, இன்னொருவரிடம் பயம். யாரிடம் மறைக்கிறதோ அவருக்குத் தெரியாமல் நமக்கு மட்டும் அதைக் காட்டுகிறது. அதனால் நாம் அந்த ஆளின் பக்கத்துணை ஆகிவிடுகிறோம், ஆள் கெட்டவராகவே இருந்தாலும்.

இது கதையில் வருகிற ரகசியம் அல்ல. குழந்தை யாருடையது, உயிலில் என்ன இருக்கிறது, இறந்தவர் உண்மையில் இறந்தாரா என்று இன்றைய தொடர்களில் ரகசியத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்த ரகசியத்தை ஒரு பாத்திரத்திடமிருந்து எடுத்து இன்னொரு பாத்திரத்தின் தலையில் வைத்தாலும் கதை நடக்கும். குணசேகரனின் கூச்சத்தை அப்படி மாற்றி வைக்க முடியாது. அது அவன் ரங்கூனில் வளர்ந்த விதத்தில், தங்கைமேல் வைத்த பாசத்தில், வெறுங்கையில் இருந்து முளைத்தது.

1956-ல், அண்ணாவின் நாவலை வைத்து வந்த 'ரங்கோன் ராதா'விலும் இதையே பார்க்கலாம். ஊரே மதிக்கிற தர்மலிங்க முதலியார், மைத்துனியையும் அவள் சொத்தையும் அடைவதற்காக, நல்ல மனைவியைப் பேய் பிடித்தவள் என்று எல்லாரையும் நம்ப வைக்கிறார். நான்கே வருஷத்துக்கு முன்னால் தங்கைக்காக அழுத அதே சிவாஜிதான் இங்கே முதலியார். அந்தப் பெரிய மனிதத் தோரணையின் அடியில் கிடக்கிற அற்பத்தனம் நமக்கும் மனைவியாக நடித்த பானுமதிக்கும் மட்டும்தான் தெரியும். அவர் பேசப் பேச நமக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, கண்ணை எடுக்கவும் முடிவதில்லை.

தொடர்களால் இது முடியாது என்று நான் சொல்லவில்லை. 2002-லிருந்து 2005 வரை வந்த 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரத்தை நினைத்துப் பாருங்கள். மகள் படும் பாடு தெரிந்தும் சம்பந்தி வீட்டில் தன் கோபத்தை விழுங்கிக்கொண்டு நிற்கிற தகப்பன். டெல்லி குமார் அந்த விழுங்கலை முகத்திலேயே காட்டினார். எங்கள் தெருவில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஆண்கள் அந்தத் தொடரைத் தவற விடமாட்டார்கள்.

இப்போது பெரும்பாலான தொடர்களில் யாரும் எதையும் விழுங்குவதில்லை. நினைப்பதையெல்லாம் மைண்ட் வாய்ஸில் சொல்லிவிடுகிறார்கள். சதி செய்கிறவள் தனியாக நின்று திட்டத்தை முழுசாக ஒப்பிக்கிறாள். அது போதாதென்று கேமரா ஒவ்வொரு முகமாக மூன்று முறை பாய்ந்து, இடி இடித்து, "இவளுக்குக் கோபம், இவளுக்கு அதிர்ச்சி" என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. பார்க்கிறவர்கள் தாமாகக் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. திங்கட்கிழமை கொடுமைக்காரியாக இருந்த மாமியார் வெள்ளிக்கிழமை கண்ணீரோடு திருந்திவிடுகிறாள், ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்டவர்களைப் பற்றி இரண்டு வாக்கியத்துக்குமேல் சொல்ல வருவதில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன செய்வது? அந்தப் பாத்திரங்களில் அவ்வளவுதான் இருக்கிறது.

உங்கள் இதழில் வாராவாரம் எந்தத் தொடர் முன்னால் நிற்கிறது, யாருக்குப் பதில் யார் நடிக்க வந்தார் என்று எழுதுகிறீர்கள். அதையும் ஆவலோடுதான் படிக்கிறேன். ஆனால் மாதம் ஒரு முறையாவது ஒரே ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்த ஆள் எதை, யாரிடம் மறைக்கிறார், எந்தக் காட்சியில் அது நமக்குத் தெரிகிறது என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். தொடர் எழுதுகிறவர்களும் படிப்பார்கள். நான் வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.

அந்தப் பெண் இப்போது வளர்ந்துவிட்டாள், வகுப்புக்கு இன்னும் வருகிறாள். வரும் ஞாயிறு கரண்ட் இருந்தால் பிள்ளைகளுக்குப் 'பராசக்தி' போட்டுக் காட்டலாம் என்றிருக்கிறேன். அந்த அண்ணனைப் பற்றி அவள் என்ன சொல்கிறாள் என்று உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
யாங்கோனிலிருந்து ஒரு வாசகி