அக்காவுக்கு: பெரியவன் காமன் வேஷம் கட்டட்டும்

அக்கா,

மச்சானின் திவசத்துக்கு நான் வரவில்லை. லீவு கிடைக்காததை போனில் சொன்னேன். நீ ஒன்றும் பேசாமல் போனைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டாய். இதையும் அவள்தான் உனக்கு வாசித்துக் காட்டுவாள். சில இடங்களை முழுங்கப் பார்ப்பாள். மகளே, சித்தி சொல்றேன், ஒன்றையும் விடாமல் படி.

ஊரும் வாசிக்கும் என்று தெரியும். நம் தேயிலைத் தோட்டத்தில் மேட்டு லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகள் எல்லார் கையிலும் இப்போது போன் இருக்கிறது. அதனால் அந்த ஆடி மாத இரவில் மச்சானை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வர ஏன் அவ்வளவு நேரமானது, சாவி யாரிடம் இருந்தது என்பதெல்லாம் இங்கே வராது. 2022 இல் நாட்டிலேயே பெற்றோல் இல்லை, த்ரீவீல்காரத் தம்பியும் கையை விரித்துவிட்டான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மச்சானின் தலை உன் மடியில் இருந்தது. மிச்சத்தை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எனக்குத் தொண்டையில் நிற்பது அதற்கு முந்தின பங்குனி மாதத்துச் சங்கதி.

கொழும்பில் வேலை நின்று, போர்டிங்கில் சமைக்க காஸ் இல்லாமல், நான் வந்து உங்கள் காம்பராவில் ஒட்டிக்கொண்டிருந்த காலம். முந்தின வருசம் அரசாங்கம் ரசாயன உரத்தை நிறுத்தியதில் செடியெல்லாம் வெளுத்துக் கிடந்தது. நாளுக்கு ஆயிரம் ரூபா சம்பளம் என்று 2021 இல் வர்த்தமானி வந்ததுதான் மிச்சம், கொழுந்து இல்லாத மலையில் கேட்ட கிலோ காணாமல் உனக்கு விழுந்ததெல்லாம் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். அன்றைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு. மண்ணெண்ணெய் எந்தக் கடையிலும் இல்லை. வீட்டில் இருந்தது கோதுமை மாவு கொஞ்சம், கால் போத்தலின் அடியில் தேங்காயெண்ணெய் கொஞ்சம். பெரியவன் கேட்டான், "எண்ணெ தடவி ரொட்டி சுட்டுத் தாம்மா" என்று.

நீ போத்தலை எடுத்துக்கொண்டு நேரே சாமித் தட்டுக்குப் போனாய். மாரியம்மன் படத்துக்கு முன்னாலிருந்த விளக்கில் ஊற்றினாய். ஊற்றி முடித்தும் போத்தலை நிமிர்த்தவில்லை. அடியில் ஒட்டியது இறங்கட்டும் என்று கவிழ்த்துப் பிடித்தபடி நின்றாய். கடைசியில் போத்தல் வாயை விரலால் வழித்து, அந்த விரலைச் சின்னவளின் காய்ந்த தலைமுடியில் துடைத்தாய். அப்புறம் திரியைப் பற்றவைத்துவிட்டு படத்தைப் பார்த்துச் சொன்னாய்:

"இந்தா ஆத்தா. இருட்டுல எங்கள தெரியலன்னு நாளைக்குச் சொல்லக் கூடாது. வெளிச்சம் வச்சுட்டேன். இப்ப நல்லாப் பாரு."

கும்பிடக்கூட இல்லை. கடைக்காரனிடம் பாக்கியைக் கேட்டுவிட்டு வருகிறவள் மாதிரி திரும்பி வந்து, வெறும் கல்லில் ரொட்டியைப் போட்டாய். கல்லில் பிடித்துக்கொண்டது. கத்தியால் சுரண்டி எடுத்தாய். பிள்ளைக்கு இல்லாத எண்ணெய் படத்துக்கா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தோடு நானும் ரெண்டு ரொட்டி தின்றேன், அது வேறு கதை.

அந்த விளக்கு வெளிச்சத்தில் பெரியவன் உட்கார்ந்து படித்தான் என்று எழுதினால் வாசிக்கிறவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். படிக்கவில்லை. தின்றுவிட்டுத் தூங்கிவிட்டான். எண்ணெய் எரிந்து தீர்ந்தது.

ஆத்தா பார்த்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆடியில் மச்சான் போய்விட்டார். கருமாதி முடிந்த சாயங்காலமே நீ அந்த விளக்கை எடுத்துப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாய். அதைப் பார்த்துத்தான், சனம் கூடியிருந்த வாசலில், உன்னைக் குத்துகிற அந்த வார்த்தையை நான் சொன்னேன். நீ நிமிர்ந்தே பார்க்கவில்லை. சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன். கேட்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்கு அப்படி வந்தது நியாயம்தான் அக்கா. ஆத்தாவைப் பார்த்து அப்படிக் கேட்கத் தெரிந்தவள், லொறிக்காக நின்ற அந்த நேரத்தில் மனுசன் ஒருத்தரைப் பார்த்து அதில் பாதியாவது கேட்டிருக்கலாம். அங்கே நீ முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். சாமியிடம் மட்டும்தானா உனக்கு வாய்? எழுதும்போதே கை நடுங்குகிறது. அங்கே வாயைத் திறந்தால் மறுநாள் வேலைக்குப் பேர் விழாது என்பது எனக்கும் தெரியும். நான் கொழும்பில் இருக்கிறவள், எனக்குச் சொல்வது லேசு.

ஒன்று மட்டும் சொல்கிறேன். துக்கத்துக்கு வந்த எல்லாரும் "சாமி சோதிக்குது" என்றார்கள். நீ ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நாத்தனார் வீட்டார் சபையிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து ஜெபம் பண்ணினார்கள். நீ பிளேன்டி கொடுத்து அனுப்பிவைத்தாய். அவர்களைப் பற்றி இதற்குமேல் எழுதினால் சண்டை வரும். கருமாதிக்கு அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து அந்த ஏற்றத்தில் ஏறி வந்ததும் அவர்கள்தான்.

2023 இல், நம் சனம் இந்தியாவிலிருந்து இங்கே வந்து 200 வருசமானதை நினைத்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள் அல்லவா, அதில் நானும் கொஞ்சத் தூரம் நடந்தேன். அந்தக் காட்டுப் பாதையில் பேதியிலும் காய்ச்சலிலும் விழுந்து செத்தவர்களை நினைத்தபோது நீதான் ஞாபகத்துக்கு வந்தாய். வீட்டுக்கு வந்து கேட்டேன், "செத்தவங்களும் சாமி கும்புட்டுக்கிட்டுதான வந்தாங்க, என்னத்தக் கண்டாங்க?" நீ கொழுந்துக் கூடையின் கயிற்றை முறுக்கிக்கொண்டே சொன்னாய், "கும்புட்டாங்க. அவங்களுக்காக இப்ப யாரு கும்புடுறது? நாமதான?" எனக்குப் பதில் வரவில்லை. இன்னமும் வரவில்லை, ஆனால் தோற்றுப்போனதாகவும் நினைக்கவில்லை.

வந்து சேர்ந்தவர்கள் கண்ட இடத்திலெல்லாம் கல்லை நட்டார்கள். தேயிலை ஆலை இஸ்டோரில் மெஷின் ரோதைக்கு ஒரு ரோதமுனி, செடியைக் கவ்வாத்து வெட்டும் மலைக்கு ஒரு கவ்வாத்துசாமி. வேலைக்குப் போகிற இடத்துக்கெல்லாம் சாமியையும் கூடவே கூட்டிப்போன சனம். பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது உன்னைப் பார்த்த பிறகு கொஞ்சம் விளங்குகிறது. கூட வருகிற சாமியைத்தான் கைநீட்டிக் கேட்க முடியும்.

சிவன் எரித்த மன்மதன் திரும்ப எழும்புகிற அந்தக் காமன் கூத்து விசயத்துக்கு வருகிறேன். மச்சான் இல்லாத முதல் மாசியில் காமன் பொட்டலில் நாம் ரெண்டு பேரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மச்சான் வருசா வருசம் கட்டிய மன்மதன் வேஷத்தை வேறு யாரோ கட்டியிருந்தார். சிவன் எரித்தாச்சு. ரதி விழுந்து புரண்டு, என் புருசனைத் திருப்பிக் கொடு என்று ஒப்பாரி வைக்கிறாள். சனமெல்லாம் அழுதது. நீ அழவில்லை. என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாய், "அவளுக்காவது திருப்பிக் குடுத்தான்."

சொல்லிவிட்டு விடியும்வரை எழும்பாமல் உட்கார்ந்து பார்த்தாய். காமன் உயிரோடு எழும்புவதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாய். வெந்நீர் வைத்துக் குளித்தாய், கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனாய்.

அதனால்தான், வருகிற மாசிக்குப் பெரியவன் மன்மதன் வேஷம் கட்டவேண்டும் என்று நீ கேட்டபோது நான் கத்தினேன். உயர்தரம் படிக்கிற பிள்ளையை ராத்திரி ராத்திரியாகப் பழக்கத்துக்கு அனுப்பிவிட்டு, அப்பன் ஆடியதை மகனும் ஆடி, இந்த லயத்திலேயே கிடக்கட்டும் என்கிறாயா என்று. அது நியாயமான பயம். இப்போதும் இருக்கிறது.

ஆனாலும் கட்டட்டும். யோசித்துத்தான் சொல்கிறேன். அவனும் போன் பண்ணினான். "அப்பா எரியிறதத்தான் எல்லாரும் பாத்தாங்க சித்தி, எழும்புறத அம்மா பாக்கணும்" என்றான். இப்படிக் கேட்டால் நான் என்ன பேசுவது?

வேஷத்துணிக்கும் கிரீடத்துக்கும் காசு அனுப்புகிறேன். பழக்கம் சனி, ஞாயிறு மட்டும்தான் என்று மாஸ்டரிடம் நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் கொழும்புக்காரி பேசுகிறாள் என்பார். விளக்கெண்ணெய்க்கு என் காசை எடுக்காதே, அது உனக்கும் ஆத்தாவுக்கும் உள்ள கணக்கு. காப்புக் கட்டும் தேதியைச் சின்னவளிடம் சொல்லி அனுப்பு. இந்தத் தடவை இப்போதே லீவு கேட்டு வைக்கிறேன். விரதம் அவனுக்குத்தான், எனக்குக் கருவாடு வேண்டும்.

உன் தங்கச்சி