புதுக் காரில் தீராத பழுது

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுக் கார் ஒரே பழுதுக்காகத் திரும்பத் திரும்ப ஒர்க்‌ஷாப் போகிறதா? பின்னால் வழக்கு என்று வந்தால் கைகொடுப்பது ஜாப் கார்டுதான், அதாவது வண்டியை விடும்போது குறைகளை எழுதிக் கையெழுத்து வாங்கும் சீட்டு. 'ஜெனரல் செக்கப்' என்று எழுதி நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். "இன்ஜின் சூடான பிறகு, மூன்றாவது கியரில், 40 கி.மீ. வேகத்தில் வண்டி உதறுகிறது" என்று நீங்கள் சொன்னபடியே பதியச் சொல்லுங்கள். ஓடோமீட்டர் அளவும், வண்டியை விட்ட தேதியும், திரும்ப எடுத்த தேதியும் அதில் இருக்கட்டும்.

எச்சரிக்கை விளக்கு எரிந்திருந்தால், காரின் கணினி பதிந்துவைத்த பழுதுக் குறியீட்டை அழிக்கும் முன்பே, அதைப் படிக்கும் ஸ்கேனர் கருவியின் அறிக்கை நகலைக் கேட்டு வாங்குங்கள். இது மிக முக்கியம். குறியீட்டை அழித்தால், பழுது வந்த நொடியில் பதிவான இன்ஜின் வேகம், வெப்பநிலை விவரங்களும் சேர்ந்து போய்விடும். விளக்கு அணைந்திருக்கும், பழுது அப்படியே இருக்கும். 'குறை எதுவும் தென்படவில்லை' என்று எழுதித் தந்துவிடுவார்கள். விட்டு விட்டு வரும் பழுதென்றால் மெக்கானிக்கை அருகில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். வீடியோவும் எடுத்து வையுங்கள்.

இரண்டாம் முறையும் சரியாகவில்லையென்றால் டீலரோடு நிற்காமல், தயாரிப்பு நிறுவனத்துக்கும் எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள். வாரண்டி தருவது பெரும்பாலும் அவர்கள்தான்.

பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதுள்ள வண்டியை முதல் 30 நாளுக்குள் திருப்பித் தந்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதன் பிறகென்றால், ஒரு முறை பழுதுபார்த்தும் தீராதபோது வண்டியை ஏற்க மறுத்துத் திருப்பித் தரலாம். இவ்வளவு தெளிவான கணக்கு எல்லா நாட்டுச் சட்டத்திலும் இருக்க வேண்டும். நாள் கணக்கு சொல்லாமல் சட்டத்தில் வரும் 'நியாயமான அவகாசம்' என்ற மொட்டைச் சொல், வாங்கியவரை மாதக்கணக்கில் அலையவிடுகிறது.