என் தம்பியின் உயிருக்குத் துணைநின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

விக்கிரவாண்டிக்கு அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் கார் மோதி அடிபட்ட என் தம்பி, இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறான். அவன் பிழைத்ததற்குக் காரணமானவர்களில் பலருடைய பெயர்கூட எங்கள் குடும்பத்துக்குத் தெரியாது. சிலர் இந்த நாட்டையே பார்த்திராதவர்கள். சிலர் இன்று உயிரோடும் இல்லை. நேரில் போய்ச் சொல்ல வழியில்லாத நன்றியை இந்த மடலில் எழுதுகிறேன்.

முதலில், லாரியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்த அந்த ஓட்டுநர். கூடியிருந்தவர்கள் தம்பியைத் தூக்கி ஆட்டோவில் கிடத்த முனைந்தபோது, அவன் தொடை வளைந்து கிடப்பதைக் கண்டு, "108 வரட்டும், காலை யாரும் அசைக்காதீங்க" என்று தடுத்தவர் அவர்தான். தொடை எலும்பு முறிந்தால், வெளியே ஒரு சொட்டுச் சிந்தாமலேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தசைக்குள் கசிந்துவிடும் என்று மருத்துவர் பிறகு சொன்னபோதுதான், அந்த ஒரு சொல்லின் மதிப்பு எங்களுக்கு விளங்கியது. அவர் பெயர் சொல்லாமல் போய்விட்டார். உதவியவரைப் பெயரும் முகவரியும் தரும்படி வற்புறுத்தக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2016இல் உறுதிசெய்தது; 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அதற்கென 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அவருடைய உரிமையை மதித்து, தேடிப் போகாமல் இங்கிருந்தே வணங்குகிறேன்.

காலுக்குக் கட்டை வைத்துக் கட்டி, வழியிலேயே குளுக்கோஸ் ஏற்றி, எந்த நிலையில் ஆளைக் கொண்டுவருகிறோம் என்று மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் சொன்ன 108 ஊழியர்கள் இருவருக்கும், உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர்களைக் கவனிக்கும் சிவப்பு மண்டலத்துக்கு அவனை நேரே எடுத்துச்சென்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவினருக்கும் நன்றி.

அங்கே அவனுக்கு முதலில் ஏற்றிய மருந்துகளில் ஒன்று டிரானெக்சாமிக் அமிலம். உறைந்த ரத்தம் மீண்டும் கரைந்து ஒழுகாமல் காப்பது அதன் வேலை. ஜப்பானில் உதாகோ ஒகாமோதோ என்ற பெண் விஞ்ஞானியும் அவர் கணவர் ஷோசுகேயும் இதை 1962இல் அறிவித்தார்கள். பிரசவத்தில் ரத்தப்போக்கால் இறக்கும் தாய்மார்களைக் காப்பதே அவர்கள் எண்ணமாக இருந்தது. விபத்தில் அடிபட்டவர்களுக்கும் அது உதவுமா என்பதை உறுதிப்படுத்த அரை நூற்றாண்டு ஆயிற்று. கிராஷ்–2 என்ற அந்த ஆய்வு, இந்தியா உட்பட 40 நாடுகளில், 274 மருத்துவமனைகளில், 20,211 பேரை வைத்து நடந்து 2010இல் வெளியானது. பாதிப் பேருக்கு மருந்து. மறுபாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். மருந்து பெற்றவர்களில் 14.5 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 16 விழுக்காட்டினரும் இறந்தனர். சிறிய வேறுபாடுதானே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன், அதன்பின் கொடுத்தால் தீங்காகவும் முடியலாம் என்ற எச்சரிக்கையும் அதே தரவுகளிலிருந்துதான் கிடைத்தது. உப்புநீர் ஏற்றப்பட்டு இறந்துபோனவர்களின் குடும்பங்கள் எந்தெந்த ஊர்களில் இருக்கின்றனவோ, அவர்களுக்கு இந்த மடல் போய்ச் சேராது என்று தெரிந்தும், என் தம்பிக்கு நேரத்தோடு மருந்து ஏறியதில் அவர்களுக்கும் பங்குண்டு என்பதை எழுதாமல் விட முடியவில்லை.

ஆபத்து அத்துடன் நீங்கவில்லை. இரத்த அழுத்தம் சீரான பிறகு அறுவை செய்யலாம் என்று காத்திருந்த இரண்டாம் நாள் இரவில் அவனுக்கு மூச்சு வாங்கியது. அம்மாவையே யாரென்று கேட்டான். தலையில் அடிபட்டதை மறைத்துவிட்டார்களோ என்று உறவினர்கள் கொதித்தார்கள். உடனே புதுச்சேரிக்கு மாற்ற வேண்டும் என்றார்கள். தலை ஸ்கேனில் கோளாறு எதுவும் இல்லை. அந்த நேரத்தில் அவன் சட்டையை விலக்கி, அக்குளிலும் மார்பிலும் கடுகளவுகூட இல்லாத செம்புள்ளிகள் இருப்பதைக் கண்டு பணிமருத்துவரை ஓடிப்போய் அழைத்துவந்தவர் இரவுப்பணிச் செவிலியர். அந்தப் புள்ளிகள் எல்லோருக்கும் தோன்றுவதில்லை. தோன்றினாலும் விரைவில் மறைந்துவிடும். உடைந்த எலும்பின் மஜ்ஜையிலிருந்து கொழுப்புத் துளிகள் ரத்தத்தில் கலந்து நுரையீரலையும் மூளையையும் தாக்கும் இந்நிலையை 'ஃபேட் எம்போலிசம்' என்கிறார்கள். அடிபட்டு ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் பெரும்பாலும் தலைகாட்டும். 1862இலேயே மருத்துவ நூல்களில் பதிவான சிக்கல் இது; ஆயினும் இதற்கென்று தனி மருந்து இன்றும் இல்லை. நுரையீரல் தானாகத் தேறும்வரை பிராண வாயுவும் வென்டிலேட்டரும் கொண்டு உயிரைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை.

இதையெல்லாம் அந்த நள்ளிரவில், கொதித்து நின்ற எங்களுக்கு ஒரு தாளில் படம் வரைந்து விளக்கிய இளம் மருத்துவருக்கு நான் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன். இந்த நிலையில் வண்டியில் ஏற்றினால் வழியிலேயே மூச்சு நின்றுவிடலாம் என்பதை அவர் குரல் உயர்த்தாமல் சொன்னார். அவர் எரிந்து விழுந்திருந்தால் நாங்கள் பிடிவாதமாக மாற்றியிருப்போம். உறவினர்களின் கோபத்தைப் பொறுத்துக்கொள்வதும் மருத்துவர்களின் வேலையில் ஒரு பகுதி ஆகிவிட்டது வருத்தத்துக்குரியது. தீவிர சிகிச்சைப் பிரிவின் மயக்கவியல் மருத்துவர்களுக்கும், நுரையீரல் தெளிந்த பிறகு எலும்புக்குள் ராடு பொருத்திய அறுவை மருத்துவர்களுக்கும், ரத்தம் கொடுத்த கல்லூரி மாணவர்களுக்கும், வலிக்கிறது என்று அவன் கத்தியபோதும் முழங்காலை மடக்க வைத்த பிசியோதெரபி அம்மையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தம்பியின் உடலில் தோன்றிய செம்புள்ளிகளைப் பயிற்சி மருத்துவர்கள் அன்றே எங்கள் ஒப்புதலோடு படம் எடுத்து வைத்திருந்தார்கள். வகுப்பில் காட்டவும் ஆய்வுக் கட்டுரையில் சேர்க்கவும் இசைந்து, நினைவு தெளிந்த பிறகு அவனே கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறான். முகம் தெரியக் கூடாது என்பது மட்டுமே அவன் கேட்டுக்கொண்டது.

நன்றியுடன்,
அவனுடைய அக்காள்