செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: பணிகளும் பண்ணைப் பயணமும்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நம் நகரின் பெரியோர்களே, தாய்மார்களே, இளையோரே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஓராண்டில் தஞ்சாவூர், நம் நகர்க் குடியிருப்போர் நலச்சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். அதனால் தொகை விவரங்களுக்குள் நான் போகவில்லை.

இந்த ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்குக் கூட்டத்தின் தொடக்கத்தில் மௌன அஞ்சலி செலுத்தினோம். அவர்கள் குடும்பத்தாருக்குச் சங்கத்தின் ஆறுதலை மீண்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

வழக்கமான பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. மழைநீர் வடிகாலைத் தூர்வாரக் கோரி மனு கொடுத்தோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வேலை முடிந்தது. எரியாத தெருவிளக்குகள் மாற்றப்பட்டன. நவம்பர் கடைசியில் பெய்த அடைமழையில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் தேங்காமல் இரவெல்லாம் நின்று பார்த்துக்கொண்ட இளைஞர் அணித் தம்பிகளுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. பொங்கல் விழாவும் கோலப்போட்டியும் நன்றாக நடந்தன. பேருந்து நிறுத்தத்துக்கு நிழற்குடை கேட்ட மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது, விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம், இந்த ஆண்டின் காரியங்களிலேயே மிக முக்கியமானது என்று நான் கருதுவது, தை மாதக் கடைசியில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் இயற்கை வேளாண் பண்ணைக்கு நாம் போய் வந்தது. வந்தவர்களுக்கு அது நினைவிருக்கும். வராதவர்களுக்கும் தெரியவேண்டும் என்பதாலும், அதையொட்டி இரண்டு தீர்மானங்கள் இன்று உங்கள் முன் வரப்போவதாலும், சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

யோசனையை முன்வைத்தவர்கள் நம் மாடித்தோட்டக் குழுவின் சகோதரிகள். தொட்டியில் கத்தரியும் வெண்டையும் வளர்க்கிறோம், சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துச் செய்யும் பஞ்சகவ்யா வாங்கித் தெளிக்கிறோம். இதையே பிழைப்பாக வைத்து முழு நிலத்தில் செய்பவர் எப்படிச் செய்கிறார் என்று கண்ணால் பார்க்கவேண்டும் என்றார்கள். நியாயமான ஆசை. நெற்களஞ்சியம் என்று பேர் வாங்கிய மாவட்டத்தில் இருக்கிறோம். ஆனால் நம் நகரில் வளரும் பிள்ளைகளில் பலர் வரப்பில் நடந்ததே இல்லை.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பாரம்பரிய நெல்லைத் தேடித்தேடிச் சேர்த்த ‘நெல்’ ஜெயராமன் அவர்களின் ஆதிரெங்கம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அவர் நடத்திய நெல் திருவிழாவுக்கு வரும் உழவருக்கு 2 கிலோ விதை கொடுப்பார். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது ஏற்பாடு. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார், காட்டுயானம் என்று இன்று கடைகளில் நாம் கேட்டு வாங்கும் பெயர்களில் பல அப்படித்தான் வயலுக்குத் திரும்பி வந்தன. 2018 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். அவருக்கு வழிகாட்டிய இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா நம் மாவட்டத்து இளங்காட்டில் 1938இல் பிறந்தவர். 2013 டிசம்பர் 30 அன்று, மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிவந்த நாட்களில், பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். இந்த இருவரின் உழைப்பு நம் மண்ணில் எப்படி வேர்பிடித்திருக்கிறது என்று பிள்ளைகள் பார்க்கவேண்டும் என்று செயற்குழு விரும்பியது.

வடுவூர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திப் பறவைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மன்னார்குடி வழியாகக் காலைச் சாப்பாட்டு நேரத்துக்குப் பண்ணை சேர்ந்தோம். பண்ணையை நடத்துவது ஓர் அண்ணனும் அவர் வீட்டு அக்காவும். வருவதற்கு முன்பே தொலைபேசியில் நிபந்தனைகளைச் சொல்லியிருந்தார்கள். ஞெகிழிப் பை, தண்ணீர்ப் பாட்டில் கூடாது. அறுவடை நடக்கிறது, ஆட்களின் வேலைக்கு இடைஞ்சல் வரக்கூடாது. கேள்வி எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். தலைக்கு இவ்வளவு என்று கட்டணமும் உண்டு. கட்டணத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் மாட்டுக் கொட்டகைக்குத்தான் கூட்டிப்போனார்கள். நின்றவை உம்பளச்சேரி மாடுகள். அந்த ஊர் அங்கிருந்து பக்கம்தான். சேற்று வயலில் சளைக்காமல் உழுவதற்குப் பேர்போன இனம். நெற்றியில் வெள்ளைப் பொட்டு, காலில் வெள்ளை. கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து சில மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும் என்று அக்கா சொன்னபோது, தாய்ப்பசுவையும் செவலைக் கன்றையும் மாறி மாறிப் பார்த்த ஒரு சிறுமி நம்பவே மறுத்துவிட்டாள். கொட்டகைத் தரையை ஒருபக்கம் சாய்வாகப் போட்டு, கோமியம் சொட்டு வீணாகாமல் தொட்டியில் சேரும்படி செய்திருந்தார்கள். மாட்டை முதன்மையாக வைத்திருப்பது சாணத்துக்கும் கோமியத்துக்கும். பால் வீட்டுத் தேவைக்குப் போதும் என்றார் அண்ணன்.

கொட்டகைக்குப் பின்னால் வேப்பமர நிழலில், மண்ணுக்கு விடும் ஜீவாமிர்தக் கரைசல் டிரம். 200 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ பசுஞ்சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ரசாயனம் படாத வரப்பிலிருந்து ஒரு கைப்பிடி மண். நிழலில் வைத்துத் தினமும் கலக்கிவிட்டால் இரண்டு நாளில் தயார். ஒரு ஏக்கருக்குப் பாசனத் தண்ணீரோடு விடலாம். ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். பயிருக்கு நேரடியாகச் சாப்பாடு போடுவது இதன் வேலை கிடையாது, மண்ணில் இருக்கும் நுண்ணுயிரைப் பெருக்குவதுதான் வேலை, அதற்குத்தான் அந்தக் கைப்பிடி மண் என்று விளக்கினார். மூடியைத் திறந்தபோது எல்லோரும் மூக்கைப் பிடிக்கத் தயாராக இருந்தார்கள். வந்தது புளித்த இட்லி மாவு வாடைதான். நாற்றம் அடித்தால் கெட்டுப்போயிற்று என்று அர்த்தமாம். மாடித்தோட்டக் குழுவினர் அந்த இடத்தை விட்டு நகர வெகுநேரம் ஆயிற்று.

வயலுக்கு வந்தோம். தூயமல்லி என்ற பாரம்பரிய நெல்லின் அறுப்பு முடிந்திருந்தது. மாப்பிள்ளைச் சம்பா இன்னும் நின்றது, பிள்ளைகள் உள்ளே போனால் தெரியாத உயரத்துக்கு. கடந்த ஆண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கவில்லை, ஜூலை 28இல்தான் திறந்தார்கள். ஆற்றுத் தண்ணீரையே நம்பியிருக்கும் கடைமடையில், அதாவது வாய்க்காலின் கடைசிப் பகுதியில், முதல் போகமான குறுவையை விட்டுவிட்டு ஒரே போகமாகச் சம்பா போட்டவர்களில் இந்த அண்ணனும் ஒருவர். நவம்பர் மழையில் வயலில் தண்ணீர் கட்டி நின்றது என்றும், இந்த உயரமான ரகங்கள் தலையை மேலே வைத்துக்கொண்டு தப்பித்தன என்றும் சொன்னார். அதே மூச்சில், ஓரத்தில் சாய்ந்து கிடந்த கதிர்களையும் காட்டினார். உயரம் தண்ணீரில் காப்பாற்றும், காற்றில் சாய்த்துவிடும் என்றார். விளைச்சலும் ரசாயன உரம் போடும் குட்டை ரகங்களை விடக் குறைவுதான் என்று மறைக்காமல் சொன்னார். பளபளப்பாக எடுத்துச் சொல்லி அனுப்பும் இடங்கள் எத்தனையோ உண்டு. சாய்ந்த கதிரைத் தானே முன்வந்து காட்டிய இவர் பேச்சை அதற்குப் பிறகு எல்லோரும் நம்பிக் கேட்டார்கள்.

எனக்கு மனத்தில் பதிந்த காட்சி தூயமல்லி அறுத்த தாக்கில், அந்த வயல்பகுதியில்தான். நெல் தாளுக்கு நடுவே உளுந்து முளைத்து, இலை விட்டு நின்றது. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன், நெல் நிற்கும்போதே ஈர மண்ணில் உளுந்தை வீசிவிடுகிறார்கள். நெல் விட்டுச்சென்ற ஈரமும் தைப்பனியும்தான் அதற்குத் தண்ணீர். தனியாக உழவு கிடையாது, பாசனம் கிடையாது. நம் டெல்டாவில் தாத்தா காலத்திலிருந்து செய்வதுதான். அறுவடை இயந்திரத்தின் சக்கரம் ஏறினால் இளம் உளுந்து நசுங்கிவிடும் என்பதால், ஆள் கிடைப்பது கஷ்டமானாலும் இவர் அந்தத் தாக்கைக் கையால் அறுத்திருக்கிறார். ஒரு செடியை மெதுவாகப் பிடுங்கி, வேரை வாய்க்கால் தண்ணீரில் அலசி நம் பிள்ளைகளின் கையில் கொடுத்தார். வேரில் கடுகளவு முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறிப் பார்க்கச் சொன்னார். உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் முடிச்சு உயிரோடு வேலை செய்கிறது, காற்றிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது என்று பொருள். இந்த முடிச்சுக்குள் வாழும் நுண்ணுயிரின் பெயரைப் பாடப்புத்தகத்தில் ரைசோபியம் என்று மனப்பாடம் செய்திருந்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு முடிச்சைக் கீறிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். வயலில் ஆங்காங்கே நட்டிருந்த குச்சிகள் பறவைகள் உட்கார. பகலில் கரிச்சான் புழு பிடிக்கிறது, இரவில் ஆந்தை எலி பிடிக்கிறது. பூச்சி மீறினால் வேப்பங்கொட்டைக் கரைசல். பண்ணைக்குட்டையில் மீன். குட்டை வெட்டிய மண்ணை அணைத்து உயர்த்திய கரையில் வாழை, முருங்கை, அகத்தி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது தென்னைகளில் பெரும்பகுதியை இழந்திருக்கிறார்கள். அதற்குப் பின் ஒரே மரத்தை நம்பாமல் பனை, புங்கன், வேம்பு என்று கலந்து வேலியோரம் வைத்திருக்கிறார்கள். மதியம் தூயமல்லிச் சோறு, முருங்கைக்கீரை, வாழைத்தண்டுக் கூட்டு, மோர். அக்காவின் கைப்பக்குவத்துக்குச் சங்கத்தின் நன்றியைத் தனிக்கடிதமாகவே அனுப்பியிருக்கிறோம்.

சாப்பிட்டபின் திண்ணையில் நடந்த பேச்சு இந்த அறிக்கையில் கட்டாயம் இடம்பெற வேண்டியது. நம் மூத்த உறுப்பினர் ஐயா ஒருவர், ‘இயற்கை அரிசி ஏன் இவ்வளவு விலை?’ என்று நேராகவே கேட்டார். அண்ணன் பொறுமையாகப் பதில் சொன்னார். ரசாயனத்தை நிறுத்தியதும் இயற்கை விளைபொருள் என்பதற்கான அங்ககச் சான்று மறுநாளே கிடைத்துவிடாது. நெல் போன்ற ஆண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டும், தென்னை போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு மூன்று ஆண்டும் மாறுகாலம், அதாவது சான்றுக்கு முன் காத்திருக்கும் காலம், உண்டு. அந்தக் காலத்தில் செலவும் உழைப்பும் இயற்கை முறைக்கு உரியவை, விளைச்சல் குறையும், விற்பதோ சாதாரண நெல் விலைக்கு. அங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். தன்னைத் தாங்கிப் பிடித்தது பக்கத்து ஊர்களில் நேரடியாக வாங்கிய சில குடும்பங்கள்தான் என்றார். கேட்ட ஐயாவே முதல் ஆளாக ஒரு சிப்பம் அரிசி வாங்கினார்.

இங்கேதான் கட்டணத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். வயலைச் சுற்றிப் பார்க்கக் காசா என்று புறப்படும் முன்பு சிலர் வருத்தப்பட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. ஊருக்குப் போனால் எந்த வயலிலும் இறங்கி நடந்து பழகியவர்கள் நாம். ஆனால் அது அறுவடை நேரம். ஆட்களோடு வயலில் நிற்கவேண்டிய மனிதர் பாதி நாளை நமக்காக ஒதுக்கினார். அவர் பல ஆண்டு பட்டுத் தெரிந்துகொண்டதை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகளின் டியூஷனுக்கு மாதாமாதம் கேள்வி கேட்காமல் கொடுக்கிறோம். உழவர் சொல்லிக் கொடுத்தால் மட்டும் இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையில்லை என்பது செயற்குழுவின் கருத்து, என் சொந்தக் கருத்தும் அதுதான்.

பயணத்துக்குப் பிறகு நம் நகரில் நடந்தவை: பூங்காவில் கூட்டித் தீ வைக்கப்பட்டுவந்த சருகு இப்போது செடிகளின் அடிமண்ணை மூடும் மூடாக்காகப் போகிறது, மீதி குழியில் மட்குகிறது. மாடித்தோட்டக் குழுவினர் சிறிய அளவில் ஜீவாமிர்தம் தயாரித்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து தொட்டிகளுக்கு விடுகிறார்கள். சில வீடுகள் சேர்ந்து அந்தப் பண்ணையிலிருந்தே மாதாமாதம் அரிசியும் உளுந்தும் வரவழைக்கின்றன. சமையலறைக் கழிவைப் பிரித்துத் தருவதில் இன்னும் பாதித் தெருக்கள் சேரவில்லை. அதற்கு வீடு வீடாகப் போய்ப் பேசவேண்டும், மகளிர் அணி அதை ஏற்றிருக்கிறது.

இன்று உங்கள் ஒப்புதலுக்கு வரும் தீர்மானங்கள் இரண்டு. முதலாவது, அதே பண்ணைக்கு ஆடி அல்லது ஆவணியில் மீண்டும் போவது. வேறு இடம் பார்க்கலாமே என்று சிலர் கேட்டார்கள். தையில் நாம் பார்த்தது முடிவை. பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டைப் பூவெடுக்கும் நேரத்தில் மண்ணுக்குள் மடக்கி உழுவது, விதைநேர்த்தி, நாற்றங்கால் எல்லாம் நடக்கும் பருவத்தில் அதே நிலத்தைப் பார்த்தால்தான் முழுசாகப் புரியும். இந்த முறை எண்ணிக்கையைக் குறைத்து இரண்டு குழுவாகப் போகலாம். வரப்பில் பின்னால் நடந்தவர்களுக்கு அண்ணன் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. இரண்டாவது, கட்டணம் கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளைகளும் வர, சங்க நிதியிலிருந்து ஒரு தொகையை ஒதுக்குவது. தொகை எவ்வளவு என்பதைப் பொருளாளர் கணக்கு வாசித்தபின் முடிவு செய்யலாம்.

பயணத்துக்கு வண்டி ஏற்பாடு செய்த இணைச் செயலாளர், பிள்ளைகளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட மகளிர் அணியினர், ஆண்டு முழுவதும் எனக்குத் துணையாக நின்ற தலைவர் ஐயா, செயற்குழுவினர் அனைவருக்கும் நன்றி. தீர்மானம் நிறைவேறினால் தேதியை மேட்டூர் தண்ணீர் திறப்பைப் பொறுத்துப் பண்ணையிலிருந்தே சொல்வார்கள். வர விரும்புவோர் கூட்டம் கலையும் முன் இணைச் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்; பிள்ளைகளின் வயதையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்