படிப்பகத்தின் ஆண்டறிக்கை: பிரீஸ்ட்லியோடு ஒரு வருஷம்

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பத்திரிகை சந்தாவும் கரண்ட் பில்லும் பாக்கியில்லாமல் கட்டியாச்சு.

போன பொதுக்குழுவில், மாதக் கடைசி ஞாயிறு கூட்டங்களில் ஒரே ஆளை எடுத்து வருஷம் முழுக்கப் படிக்கலாம் என்று முடிவெடுத்தோம். நான் ஜோசப் பிரீஸ்ட்லி பெயரைச் சொன்னதும், "ஆக்சிஜன் கண்டுபிடிச்சவர்தானே, அதுக்கு எதுக்குப்பா ஒரு வருஷம்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், பள்ளிப் பாடம் அந்த ஒரு வரியோடு அவரை விட்டுவிடுகிறது. ஆனால் அவர் தொழில் போதகர் தொழில். 1733இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர், அரசுத் திருச்சபையைச் சேராத குடும்பம் என்பதால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கதவு அவருக்குத் திறக்கவில்லை. முதலில் போன நீதம் மார்க்கெட் ஊரில் திக்குவாய் ஒரு பக்கம், சபைக்குப் பிடிக்காத கருத்துகள் இன்னொரு பக்கம், கேட்க வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். கடவுள் ஒருவரே, இயேசு மனிதர் என்ற முடிவுக்குப் பிற்பாடு அவர் வந்தபோதும் அதை மறைக்கவில்லை, அச்சடித்தே வெளியிட்டார். 1761இல் வாரிங்டனில் வாத்தியார் ஆனார், அதே வருஷம் ஆங்கில இலக்கணம் எழுதினார், 1767இல் மின்சாரத்தின் வரலாறு. அரசியல், கல்வி, சமயம் என்று மொத்தம் 150க்கு மேல் நூல்கள் எழுதியிருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது சோடா கூட்டம். லீட்ஸில் பிரீஸ்ட்லி வீட்டுக்குப் பக்கத்தில் பீர் காய்ச்சும் இடம் இருந்தது. தொட்டியின் மேல் தங்கி நிற்கும் காற்றில் எரியும் குச்சியை நீட்டினால் அணைந்துவிடும். அந்தக் காற்றைத் தண்ணீரில் கலந்து பார்த்தார், குடிக்க நன்றாக இருந்தது, செய்முறையை 1772இல் சிறு புத்தகமாகவே போட்டுவிட்டார், அதை வைத்துக் காசு பார்க்கவில்லை. இதைப் பிளஸ் ஒன் படிக்கிற தம்பி வாசித்து முடித்ததும் எல்லாரும் கல்மண்டபம் பக்கம் நடந்தோம். கடைக்கார அண்ணன் கட்டை விரலால் கோலியை அழுத்தினார், "புஸ்" என்று நுரை பொங்கி அவர் மணிக்கட்டில் வழிந்தது, அந்தத் தம்பி பாட்டிலை வாங்கிக் குடிக்காமல் ரொம்ப நேரம் குமிழிகளையே பார்த்துக்கொண்டு நின்றான். கோலி பாட்டிலும் இங்கிலாந்துச் சரக்குதான், ஹிராம் காட் என்பவர் 1872இல் செய்தது, சரியாக நூறு வருஷம் கழித்து.

அப்புறம் மழை வந்தது. படிப்பகத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர், கீழ்த்தட்டுப் புத்தகங்கள் அத்தனையும் ஊறிவிட்டன. பக்கத்துக்குப் பக்கம் செய்தித்தாள் வைத்து, ஃபேனுக்குக் கீழே பரப்பி, ராத்திரி முழுக்கப் புரட்டிப் போட்ட நம் பெண் உறுப்பினர்களுக்கு இந்த அறிக்கை கடமைப்பட்டது. அந்த மாதத்துப் பாடம் 1791 ஜூலை 14. பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தவர்கள் பர்மிங்ஹாமில் விருந்து வைத்த நாள் அது. பிரீஸ்ட்லி அந்த விருந்துக்குப் போகவே இல்லை. ஆனாலும் விருந்தை எதிர்த்துத் திரண்ட கூட்டம் அவர் ஊழியம் செய்த ஆலயத்தைக் கொளுத்தியது, வீட்டையும் விடவில்லை. நூலகம், ஆய்வுக்கூடம், பல வருஷக் கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் போயின. ஈரப் புத்தக வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது யாரும் பேசவில்லை. 1794இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார், பென்சில்வேனியாவில் மறுபடியும் ஆய்வுக்கூடம் கட்டினார், 1804இல் சாகும்வரை எழுதினார்.

ஒன்று சொல்ல வேண்டும், எரிகிற பொருளிலிருந்து ஃப்ளோஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்ற பழைய கொள்கையை அவர் கடைசிவரை விடவில்லை. ஆக்சிஜன் என்று பெயர் வைத்தது பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே. இதில் பிரீஸ்ட்லி தவறினார் என்றே நானும் நினைக்கிறேன்.

பிரீஸ்ட்லியைப் படித்த ஒருவர் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். திருவேங்கடம் என்ற பெயரில் பிறந்து வில்லியம் ராபர்ட்ஸ் ஆனவர், இங்கிலாந்துக்கு வேலைக்குப் போன இடத்தில் பிரீஸ்ட்லி புத்தகங்கள் கைக்குக் கிடைத்தன. திரும்பி வந்து 1795இல் கடவுள் ஒருவரே என்ற அதே கொள்கையோடு சென்னையில் ஒரு சபை தொடங்கினார். 1813இல் புரசைவாக்கத்தில் சிறிய கோவிலும் கட்டினார். வரும் வருஷம் அவரைத்தான் எடுக்கலாம் என்று செயற்குழு நினைக்கிறது, பொதுக்குழு சம்மதிக்க வேண்டும்.

அதற்கு முன்னால் அலமாரிகளைச் செங்கல் வைத்து இரண்டடி உயர்த்தணும். கொத்தனார் அண்ணன் கூலி வேண்டாம் என்றுவிட்டார், செங்கல், சிமென்ட் செலவு மட்டும் நம்முடையது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு வருகிறவர்கள் பழைய துணி ஒன்று கொண்டு வாருங்கள், மேல்தட்டெல்லாம் ஒரே தூசி.

இப்படிக்கு,
செயலாளர்