மைக்கைக் கொடுக்கும் முன் கேள்வி கேளுங்கள்

டர்பன் வட்டாரத் தமிழ்க் கோயில்களின் நிர்வாகக் குழுவினருக்கும் குருக்கள்மாருக்கும் சபைப் போதகர்களுக்கும் வணக்கம்.

மருத்துவ ஆய்வுக்கு ஆள் தேடி யாரும் உங்களிடம் வந்தால் விரட்டாதீர்கள். உடனே மைக்கையும் நீட்டிவிடாதீர்கள்.

ஆய்வு நமக்குத் தேவை. தென்னாப்பிரிக்காவின் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர், ஆசியர் எல்லோரும் சேர்ந்தே 2.7 விழுக்காடுதான். அந்த விகிதத்தில் 1,000 பேரைச் சேர்த்தால் நம்மவர் 27 பேர். ஒரு மருந்து நம் உடம்புக்கு எப்படி ஒத்துப்போகிறது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. சர்க்கரையோ நம்மவர்களை இளவயதிலேயே பிடிக்கிறது, ஒல்லியானவர்களையும் விடுவதில்லை.

தயக்கத்துக்கும் காரணம் உண்டு. நிறவெறி ஆட்சியில் டர்பனின் மேகஸின் பாரக்ஸ் குடியிருப்பிலிருந்து நகருக்கு வெளியே சாட்ஸ்வொர்த்துக்குக் கிளப்பப்பட்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. முத்திரை குத்திய தாளைக் கண்டாலே அவர்களுக்குப் படபடக்கும்.

போன புரட்டாசியில் அன்னதானம் முடிந்ததும் ஓர் ஆயா கைப்பையிலிருந்து ஒப்புதல் படிவத்தை எடுத்து நீட்டினார். நாலாக மடித்த தாளின் ஓரத்தில் மஞ்சள் கறை. "மாத்திரைக் கூட்டுல மாட்டுச் சமாச்சாரம் இருக்குமா? வேணாம்னா கிளினிக்குல மருந்து குடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விகள். பல கூடுகள் மாட்டு எலும்பிலும் தோலிலும் எடுத்த ஜெலட்டினால் ஆனவைதான். மறுத்தாலும், பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது என்பது விதி. இதை யாரும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை.

அவருக்காக நீங்கள் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி எங்கே? புது மருந்தென்றால் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவின் (SAHPRA) ஒப்புதல் உண்டா? பாதிப்பு வந்தால் செலவு யாருடையது? எடுத்த ரத்தம் எங்கே போகும்? முடிவை எப்போது இங்கே வந்து சொல்வீர்கள்? கடைசிக் கேள்வியில் பிடிவாதமாக நில்லுங்கள். நம்மைவிட மிகச் சிறிய சமூகமான, இந்த மண்ணின் பூர்வகுடிகளான சான் மக்கள் 2017இல் தங்களிடம் வரும் ஆய்வாளர்களுக்கென்றே நெறிமுறை வகுத்து வெளியிட்டார்கள். நமக்கு என்ன தடை?

இன்னொன்று. "சேருங்கள், அம்மன் பார்த்துக்கொள்வாள்" என்று மட்டும் மேடையில் சொல்லாதீர்கள். குருக்களோ போதகரோ சொன்னால் மறுத்துப் பேச நம் பெரியவர்களுக்கு நா எழாது. அப்படி வாங்கும் கையெழுத்து சம்மதமே அல்ல. "கேளுங்கள், வீட்டில் பேசுங்கள், மனம் ஒப்பவில்லையென்றால் விட்டுவிடுங்கள்" என்றால் போதும். ஆள் சேர்த்ததற்காக நன்கொடை வாங்கவே வேண்டாம்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். கேள்விகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தர எங்கள் தொண்டர்கள் தயார்.